கால்சட்டைக்கு முன்னும் பின்னும்: ஆண்கள் இடுப்பில் சுற்றும் துணிகள்

கோடைமேகம் (இழையைத் தொடங்கியவர்)

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த விஷயம். ஆண்கள் இடுப்பில் துணி சுற்றும் ஊர்களை எண்ண ஆரம்பித்தால் கைவிரல் போதவில்லை. ஸ்காட்லாந்தின் கில்ட், கிரேக்கத்தின் ஃபுஸ்தனெல்லா, மியன்மாரின் லோங்யி, பூட்டானின் கோ, ஃபிஜியின் சுலு, ஏமனின் ஃபூத்தா, இந்தோனேசியாவின் சாரோங், நம் வேட்டி, கைலி என்று போய்க்கொண்டே இருக்கிறது. பழங்காலம் என்றால் கேட்கவே வேண்டாம். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் எபிஹ்-இல் என்பவரின் சிலை இருக்கிறது, இன்றைய சிரியாவில் இருந்த மாரி நகரத்து அதிகாரி, ஏறக்குறைய 4400 வருடப் பழசு. மேலுடம்பில் ஒன்றும் இல்லை. இடுப்புக்குக் கீழே ஆட்டு ரோமம் கொத்துக்கொத்தாகத் தொங்கும் பாவாடை. ஒவ்வொரு கொத்தையும் தனித்தனியாகச் செதுக்கியிருக்கிறார்கள். அன்றைக்கு அது பெரிய மனுஷன் உடை.

என் சந்தேகம் இதுதான். இவற்றில் சில இன்றைக்கும் ஆபீஸ் போகும் உடையாக இருக்கின்றன. சில கல்யாணத்துக்கும் அணிவகுப்புக்கும் மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. எது பிழைக்கும், எது காட்சிப்பொருளாகும் என்பதை எது தீர்மானிக்கிறது? வெயிலா, வசதியா, வேறு ஏதாவதா?

சுண்டெலி

இதில் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை சார். கால்சட்டை வசதி. ஓடலாம், ஏணி ஏறலாம், இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம், காற்றடித்தால் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். வசதியானது ஜெயித்தது. அவ்வளவுதான்.

பழையபேப்பர்

சுண்டெலி சொல்வதில் பாதி சரி. ஆனால் அந்த "வசதி" யாருக்கு வசதி என்று பார்க்க வேண்டும். கால்சட்டையின் கதை குதிரையிலிருந்து தொடங்குகிறது.

இதுவரை கிடைத்ததில் மிகப் பழைய கால்சட்டை சீனாவின் மேற்குக் கோடியில், துர்பான் பகுதியில் யாங்ஹாய் என்ற இடுகாட்டில் கிடைத்தது. சுமார் 3000 வருடப் பழசு, கம்பளி. குதிரைமேல் காலை விரித்து உட்கார்ந்து நாள் முழுக்கப் போகிறவனுக்குத் தொடை உரசாமல் இருக்க வேண்டும். சுற்றுத்துணி அதற்கு ஒத்துவராது.

கி.மு. 307இல் பழைய சீனாவின் ஜாவ் நாட்டு மன்னர் வூலிங், எதிரிகளான வடக்கத்திக் குதிரை வீரர்களைப் பார்த்து, "இனி நம் ஆட்களும் அவர்கள் உடையைப் போட்டுக் குதிரையில் இருந்து அம்பெய்ய வேண்டும்" என்று உத்தரவு போட்டார். அரசவையில் ஒரே ரகளை. சொந்தச் சித்தப்பாவே, காட்டுமிராண்டி உடையா என்று உடம்பு சரியில்லை எனச் சொல்லி அவைக்கு வராமல் இருந்துவிட்டார். மன்னர் நேரில் போய்ப் பேசி அவரையும் போட வைத்தார்.

ரோமில் இதே கதை தலைகீழ். அங்கே கால்சட்டை என்றால் காலியா (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டுக்காரனும் ஜெர்மானியனும் போடுவது, நாகரிகமுள்ளவன் தொடமாட்டான். ஆனால் வடக்கே குளிரில் காவல் நின்ற ரோமச் சிப்பாய்கள் முழங்கால் வரைக்கும் ஒன்றைப் போட்டுக்கொண்டார்கள். ரோமில் நிற்கும் டிராஜன் தூணின் சிற்பங்களில் பார்க்கலாம். 4ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹொனோரியஸ் பேரரசர் ரோம் நகரத்துக்குள் கால்சட்டை போடக்கூடாது என்று சட்டமே போட்டார். ஏன் போட்டார்? எல்லாரும் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்பதால்தான்.

ஆக, முதலில் குதிரைப்படை, அப்புறம் அதைப் பார்த்து மற்றவர்கள். பார்க்கப்போனால் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் படைகள் உலகம் முழுக்கச் செய்ததும் இதைத்தான்.

தறிக்காரன்

பழையபேப்பர் அண்ணன் குதிரையைச் சொன்னார், நான் தறியைச் சொல்கிறேன்.

தறியில் வருவது நீட்டுத்துணி. நான்கு மூலை, இரண்டு கரை. அதை அப்படியே எடுத்து இடுப்பில் சுற்றினால் ஓர் அங்குலம்கூட வீணில்லை. வெட்டினால்தான் ஒட்டுத்துணி மிஞ்சும், ஓரம் பிரியும், தையல் வேண்டும், ஆளுக்கு ஓர் அளவு வேண்டும். ஒரு முழம் துணி நெய்ய எத்தனை நாள் நூல் நூற்க வேண்டும் என்று தெரிந்தவன் கத்திரிக்கோலை லேசில் எடுக்கமாட்டான். அண்ணன் சொன்ன யாங்ஹாய் கால்சட்டையிலேயே இதைப் பார்க்கலாம். வெட்டித் தைத்ததில்லை அது. கால் ஒன்றுக்கு ஒரு துண்டு, நடுவில் கவட்டுக்குப் படிப்படியாக அகலும் ஒரு துண்டு. மூன்றையும் அந்த அந்த வடிவத்திலேயே தறியில் நெய்து இணைத்திருக்கிறார்கள். சும்மா மலைக்க வைக்கிற வேலை.

இன்னொன்று. சுற்றுத்துணிக்கு அளவு கிடையாது. இருபது வயதில் கட்டியதை அறுபது வயதுத் தொப்பையோடும் கட்டலாம். அப்பா கட்டியதை மகன் கட்டலாம். கிழிந்தால் போர்வை, அப்புறம் தூளி, அப்புறம் கரித்துணி.

சுண்டெலி

எல்லாம் சரி. வெப்ப நாடுகளுக்கு இது பொருந்தும். ஸ்காட்லாந்து குளிரில் நடுங்குகிற ஊர். அங்கே முழங்கால் தெரிய ஏன் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள்? உங்கள் வெயில், குதிரை, தறி மூன்றில் எதிலும் அது அடங்கவில்லையே.

மலைமுகடு

அதற்குத்தான் காத்திருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்று நாம் பார்க்கும் கில்ட் சின்னது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலைநாட்டு ஆண்கள் கட்டியது பெரிய கில்ட். பல கஜம் நீளமுள்ள கம்பளிப் போர்வை. பாதியை மடிப்பு வைத்து இடுப்பில் பெல்ட்டால் இறுக்குவார்கள், மீதியைத் தோளில் போடுவார்கள். மழை வந்தால் அதே மீதி தலைக்கு முக்காடு. இரவு பெல்ட்டை அவிழ்த்தால் மொத்தமும் படுக்கை. மாடு மேய்த்துக்கொண்டு மலையிலேயே தங்குகிறவனுக்கு உடை, கூடாரம், கம்பளி எல்லாம் அந்த ஒன்றுதான். ஓடையையும் சதுப்பையும் தாண்டும்போது கால்சட்டை நனைந்தால் நாள் முழுக்க ஈரத்தோடு நடக்க வேண்டும், வெறுங்கால் உடனே காய்ந்துவிடும். சுண்டெலிக்குப் பதில் அதுதான். குளிர் ஊர் என்பதைவிட ஈர ஊர் என்று பாருங்கள்.

மேல்பாதியை விட்டுவிட்டு இடுப்புப் பகுதியை மட்டும் தனியாக ஆக்கியது யார் என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. 1720களில் இன்வர்னஸ் பக்கம் இரும்பு உலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்ற ஆங்கிலேயர், தன் தொழிலாளிகள் நெருப்புப் பக்கம் அவ்வளவு துணியோடு அல்லாடுவதைப் பார்த்து வெட்டச் சொன்னார் என்று 1785இல் அச்சான ஒரு கடிதம் சொல்கிறது. அவருக்கு முன்பே அப்படிக் கட்டியவர்கள் உண்டு என்று ஸ்காட்லாந்துக்காரர்கள் படங்களைக் காட்டுவார்கள். தேசிய உடையை ஆங்கிலேயன் கண்டுபிடித்தான் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அப்புறம் 1745இல் பிரிட்டிஷ் ராஜாவுக்கு எதிராகக் கலகம், கல்லோடன் போரில் கலகக்காரர்கள் தோல்வி. 1746இல் உடைச் சட்டம் வந்தது. மலைநாட்டு உடை அணிந்த ஆணுக்கு முதல் தடவை 6 மாதச் சிறை, இரண்டாம் தடவை 7 வருடம் கடல் கடந்து நாடுகடத்தல். பெண்களுக்குத் தடை இல்லை. அரசாங்கப் பட்டாளத்தில் சேர்ந்த மலைநாட்டு வீரனுக்கும் தடை இல்லை. இதுதான் விஷயமே. ஊரில் கட்டினால் குற்றம், ராஜாவின் படையில் கட்டினால் சீருடை. 1782இல் சட்டத்தை நீக்கியபோது மலை ஊர்களில் ஒரு தலைமுறை அதை மறந்திருந்தது, பட்டாளம் மறக்கவில்லை.

1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பு ஏற்பாடு முழுக்க நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் கையில். ராஜாவே கில்ட் கட்டி வந்தார், உள்ளே தோல் நிறத்தில் இறுக்கமான கால்சட்டையோடு. கேலிச்சித்திரம் போடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் அதற்கு முன் மலைநாட்டானைத் திருடன் என்று ஏளனம் செய்த சமவெளிப் பிரபுக்கள் எல்லாம் அந்த வாரம் தையல்காரரிடம் வரிசையில் நின்றார்கள். இன்றைய கல்யாண கில்ட் அந்த வரிசையிலிருந்து வந்தது.

பட்டாசு

எல்லாம் இருக்கட்டும், உள்ளே என்ன போடுவார்கள்?

நடுவர்

இந்தக் கேள்வி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் போடுகிறவர்கள் தனிமடலில் போடவும்.

கோடைமேகம்

மலைமுகடு, அருமை. போர்க்களத்தில் கில்ட் எப்படித் தாங்கியது? முதல் உலகப்போரில்கூடக் கட்டிப் போனார்கள் என்று படித்திருக்கிறேன்.

மலைமுகடு

போனார்கள், நன்றாக அவதிப்பட்டார்கள். காக்கித் துணியில் ஒரு மேலங்கியை கில்ட்மேல் கட்டிக்கொண்டு பதுங்குகுழியில் நின்றார்கள். கம்பளி சேற்றையும் தண்ணீரையும் குடித்துக் கனத்துவிடும். இரவில் விளிம்பு உறைந்து கத்தி மாதிரி முழங்காலின் பின்பக்கத்தை அறுக்கும். மடிப்புக்குள் பேன் குடியிருக்கும், மெழுகுவத்தியை மடிப்போரமாக ஓட்டிச் சுட்டுக் கொல்வார்கள். கடுகு வாயு வந்தபோது திறந்த காலில் கொப்புளம். இவ்வளவுக்கும் அதைக் கழற்ற மறுத்தார்கள், அது வேறு கதை. இரண்டாம் உலகப்போரின் தொடக்கத்தோடு சண்டைக்கு கில்ட் நின்றது. இப்போது அணிவகுப்புக்கு மட்டும்.

அல்லிராணி

சுண்டெலியின் "வசதி" வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது. வசதி இல்லாதபோதும் விடவில்லை, வசதியாக இருந்தபோது சட்டம் போட்டுப் பிடுங்கினார்கள்.

சுண்டெலி

நான் தோற்றேன் என்று இன்னும் சொல்லவில்லை. 🙂 கிரேக்கச் சிப்பாயைப் பற்றி யாராவது சொல்லுங்கள், அந்த வெள்ளை மடிப்பு பாவாடை எனக்குப் பிடிக்கும்.

பழையபேப்பர்

ஃபுஸ்தனெல்லா. ஏதென்ஸில் நாடாளுமன்றத்துக்கு முன்னால் காவல் நிற்கும் எவ்ஸோன் வீரர்கள் கட்டுவது. சுமார் 30 மீட்டர் வெள்ளைத் துணி, 400 மடிப்பு. ஒட்டோமான் ஆட்சியின் 400 வருடத்துக்கு வருடத்துக்கு ஒன்று என்பார்கள். அல்பேனியர்கள் அது எங்கள் உடை என்பார்கள். இரண்டு பக்கமும் மலையில் அதைக் கட்டித்தான் சண்டை போட்டிருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் கிரேக்கம் விடுதலை பெற்றதும் ராஜாவாக வந்தவர் ஓட்டோ, பவாரியாவிலிருந்து இறக்குமதி. அந்த ஜெர்மன்காரர் தன்னைக் கிரேக்கனாகக் காட்டிக்கொள்ள ஃபுஸ்தனெல்லா கட்டிக்கொண்டார், அரண்மனையிலும் அதுவே உடையானது. 1822 எடின்பரோவுக்கும் இதற்கும் பத்துப் பதினைந்து வருட வித்தியாசம்தான்.

நீலவானம்

தடை பற்றிப் பேசினோம், கட்டாயம் பற்றிப் பேச வேண்டும். பூட்டான்.

கோ என்பது கணுக்கால் வரை வரும் நீண்ட அங்கி. அதை முழங்கால் வரைக்கும் தூக்கி, பின்பக்கம் இரண்டு மடிப்பு வைத்து, கேரா என்ற நாடாவால் இடுப்பில் இறுக்கிக் கட்டுவார்கள். தூக்கிய துணி வயிற்றுக்குமேல் ஒரு பை மாதிரித் தொங்கும். அதுதான் சட்டைப்பை. முன்காலத்தில் சாப்பாட்டுக் கிண்ணம், கத்தி, வெற்றிலை பாக்கு எல்லாம் அதற்குள். இப்போது போனும் பேப்பரும். உலகத்திலேயே பெரிய பாக்கெட் என்று பூட்டான்காரர்களே கிண்டலாகச் சொல்வார்கள். தோளில் போடும் கப்னி துண்டின் நிறத்தை வைத்து ஆளின் பதவியைச் சொல்லலாம். சாதாரணக் குடிமகனுக்கு வெள்ளை, அரசருக்குக் காவி மஞ்சள்.

17ஆம் நூற்றாண்டில் நாட்டை ஒன்றுசேர்த்த ஙவாங் நம்க்யால் காலத்திலிருந்து வரும் உடை என்பார்கள். பார்க்க அழகு, சுற்றுலாப் படங்களில் இன்னும் அழகு. ஆனால் 1989இல் இதைப் பொது இடத்தில் எல்லாரும் அணிய வேண்டும் என்று அரசாணை வந்தது. தெற்கில் நேபாளி பேசும் லோட்சாம்பா மக்களுக்கும் அதே உத்தரவு. தாழ்வான, வெக்கையான நிலம் அது. அவர்கள் உடை வேறு, மொழி வேறு, சாமி வேறு. உடைச் சட்டம், மொழிக் கட்டுப்பாடு, குடியுரிமைச் சோதனை எல்லாம் சேர்ந்து 1990களில் பெரும் வெளியேற்றமாக முடிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நேபாள முகாம்களில் வருடக்கணக்கில் கிடந்தார்கள்.

எனக்கு 1746 ஆணையும் 1989 ஆணையும் ஒரே அலமாரியில் இருக்க வேண்டியவை. ஒன்று கட்டாதே என்றது, மற்றது கட்டு என்றது.

தீவுக்காரி

பசிபிக் பக்கம் வாருங்கள், அங்கே கதை இன்னும் சுவாரஸ்யம். நான் சில காலம் ஃபிஜியில் இருந்தேன்.

முதலில் ஒரு கசப்பு: சுலு ஆதிகாலத்து உடை என்று நினைத்தால் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் டோங்கா வழியாக வந்த கிறித்தவப் போதகர்களோடு வந்தது. சுலு கட்டினால் அவன் மதம் மாறியவன் என்று பார்த்ததும் தெரியும். அதற்கு முன் மரப்பட்டைத் துணியில் சின்னதாக ஒன்று கட்டினார்கள், போதகர்களுக்கு அது போதவில்லை. ஆக "பாரம்பரியம்" என்பது மிஷனரி கொண்டுவந்த பருத்தித் துணி.

இன்று நான் பார்த்தது சுலு வகதாகா. தையல்காரர் தைத்தது. பக்கவாட்டில் பாக்கெட், இடுப்பில் பக்கிள், சாம்பல் நிறமோ கருநீலமோ, முழங்காலுக்குக் கீழே வரும். மேலே முழுக்கைச் சட்டை, டை, கோட். கீழே தோல் செருப்பு. வங்கி மேலாளர், வக்கீல், அமைச்சர் எல்லாரும் இந்த உடையில் சாதாரணமாகப் போவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திரும்பிப் பார்க்க வைப்பது போலீஸ்: சடங்கு நாளில் வெள்ளை சுலு, கீழ்விளிம்பு ரம்பப்பல் மாதிரி கூர்கூராக வெட்டியிருக்கும். கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும், நடக்கும்போது அந்தப் பற்கள் ஒரே சீராக ஆடும்.

சமோவாவில் போலீஸ் சீருடையே லாவாலாவாதான். டோங்காவில் டூப்பெனு என்ற சுற்றுடைமேல் தஓவாலா என்ற பாயை இடுப்பில் கட்டுவார்கள். தாழை ஓலையில் பின்னிய நிஜப் பாய். மரியாதை காட்ட வேண்டிய இடத்துக்கு அது இல்லாமல் போவது அரைகுறையாகப் போவது மாதிரி. துக்க வீட்டில் பெரிய, பழைய, ஓரம் கிழிந்த பாயைக் கட்டுவார்கள். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்பது பாயைப் பார்த்தாலே புரிந்துவிடும். 2016 ரியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு கொடி பிடித்துவந்த பீட்டா டௌஃபடோஃபுவா கட்டியிருந்தது இதுதான். 2018இல் கொரியாவின் குளிர்கால ஒலிம்பிக்கிலும் அதே கோலத்தில் வந்தார், பார்த்த எனக்குத்தான் குளிர் எடுத்தது.

சுண்டெலி

பாக்கெட்! யாரும் அதைக் கவனிக்கவில்லையா? ஃபிஜிக்காரன் சுலுவில் பாக்கெட் வைத்தான், ஆபீஸுக்குப் போனான். பூட்டான்காரனுக்கு வயிற்றிலேயே பாக்கெட். ஸ்காட்லாந்துக்காரன் ஸ்போரன் என்று ஒரு தோல்பையை முன்னால் தொங்கவிட்டான். வேட்டிக்குப் பாக்கெட் இல்லாததால் சட்டைப்பை பிதுங்குகிறது, மிச்சம் உள்ளே போடும் டிராயரில். நான் சொன்ன "வசதி" இதுதான்.

அல்லிராணி

பாக்கெட் இல்லாத உடையில் வாழ்க்கை எப்படி என்று பெண்களைக் கேளுங்கள் சுண்டெலி, பக்கம் பக்கமாக எழுதுவோம்.

கரைவேட்டி

மியன்மாரில் பாக்கெட் இல்லாமலே சமாளிக்கிறார்கள். வேலை விஷயமாக யாங்கோனில் இருந்தபோது பார்த்தேன். போனையும் பர்ஸையும் பின்பக்க இடுப்பில் லோங்யிக்குள் செருகிவிடுவார்கள். பஸ்ஸில் பாதிப் பேர் முதுகில் செவ்வகமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். விழுவதில்லை. நான் செருகியது எல்லாம் விழுந்தது.

கட்டுமுறை நம் கைலிக்குக் கிட்டத்தட்டத்தான், ஆனால் முடிச்சு வேறு. சுமார் 2 மீட்டர் துணியைக் குழாயாகத் தைத்தது. உள்ளே நின்று இரண்டு பக்கமும் கையால் விரித்து இழுக்க வேண்டும். இரண்டு கையிலும் உள்ளதை ஒரே நேரத்தில் தொப்புளுக்கு முன் கொண்டுவந்து, ஒன்றை மற்றதன்மேல் ஒரு திருகு திருகி, நுனியை உள்ளே அழுத்திவிட்டால் முன்னால் ஒரு குமிழ் மாதிரி நிற்கும். ஆண்களுடைய பசோவில் இந்த முன்முடிச்சு. பெண்களுடைய டமெய்ன் என்றால் பக்கவாட்டில் மடித்துச் செருகல், முடிச்சு கிடையாது. அங்கே ஆண்கள் நாளைக்குப் பல தடவை நடுத்தெருவில் நின்று முடிச்சை அவிழ்த்து, ஓர் உதறு உதறி, மறுபடி கட்டுவார்கள். யாரும் கண்டுகொள்வதில்லை. சின்லோன் என்ற பிரம்புப்பந்து ஆடும்போது கீழ்விளிம்பைக் காலிடுக்கு வழியாக இழுத்துப் பின்னால் செருகினால் அரைக்கால்சட்டை ரெடி.

மன்னராட்சிக் காலத்தில் இதைவிட நீளமான, தைக்காத பசோ இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில்தான் இந்தக் குழாய்த் தையல் லோங்யி பரவியது.

அப்புறம் 2021 சமாசாரம். ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது பெண்கள் தங்கள் டமெய்ன்களைத் தெருவின் குறுக்கே கொடிகட்டி உயரத் தொங்கவிட்டார்கள். பெண் உடுத்திய கீழாடைக்கு அடியில் போனால் பர்மிய மொழியில் "ஹ்போன்" எனப்படும் ஆணின் பெருமை போய்விடும் என்ற பழைய நம்பிக்கை. துப்பாக்கியோடு வந்த சிப்பாய்கள் நின்று, ஏறி, ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். போராட்டக்காரர்களுக்கு அதற்குள் ஓட நேரம் கிடைத்தது. இத்தனைக்கும் அந்தச் சிப்பாய்கள் சீருடையைக் கழற்றிவிட்டு வீட்டில் கட்டுவதும் லோங்யிதான்.

தறிக்காரன்

கட்டம் போட்ட துணி எங்கிருந்து போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோழமண்டலக் கரையில் பழவேற்காடு, மதராஸ் பக்கத்துத் தறிகளிலிருந்துதான் கட்டம்போட்ட பருத்தி கப்பல் கப்பலாகத் தென்கிழக்காசியாவுக்குப் போனது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டி உட்கார்ந்ததே இந்த வியாபாரத்துக்காகத்தான். மலாய்க்காரர்கள் இன்றும் கட்டம்போட்ட சாரோங்கைப் பழவேற்காட்டின் பெயராலேயே "பெலிகாட்" என்று கேட்டு வாங்குகிறார்கள்.

இன்னொரு திசை ஆப்பிரிக்கா. நைஜீரியாவின் நைஜர் டெல்டாவில் கலபாரி மக்கள் மதராஸ் கட்டத்துணியை வாங்கி, அதில் தேர்ந்தெடுத்த நூல்களைச் சின்னக் கத்தியால் நறுக்கி உருவி எடுத்துப் புதுக் கோலம் கொண்டுவருவார்கள். நெய்ததைப் பிரித்து அலங்காரம் செய்வது! ஆண்களும் பெண்களும் அதை இடுப்பில் கட்டுவார்கள், விழா நாளில் தலைவர்கள் கட்டுவார்கள். தறியில் உட்கார்ந்து இழை கோத்தவனுக்கு நெஞ்சு பதறும். படத்தில் பார்த்தால் அவ்வளவு அழகு.

பாலைக்காற்று

அரபுப் பக்கம் யாரும் தொடவில்லை. ஏமனில் ஃபூத்தா அன்றாட உடை. மேலே சட்டை, கோட்டுகூட, இடுப்புப் பட்டையில் வளைந்த ஜம்பியா கத்தி. சோமாலியாவில் மாவிஸ் என்ற கைலி கட்டிய ஊர்க்காரர்கள் அல்-ஷபாப் என்ற ஆயுதக்குழுவை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கினார்கள், அந்தப் படைக்கே "மாவிஸ்லே", அதாவது கைலிக்காரர்கள் என்று பெயர். 2022இல் அரசாங்கமும் அவர்களோடு சேர்ந்து சண்டை போட்டது.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியது ஹஜ். இஹ்ராம் என்ற புனித நிலையில் ஆண்களுக்கு இரண்டு தைக்காத துணிதான். இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. கால்சட்டை கூடாது, தைத்த உள்ளாடை கூடாது. வாழ்நாள் முழுக்க சூட் போட்ட துருக்கிக்காரர், பைஜாமா போட்ட பாகிஸ்தானி, ஜீன்ஸ் போட்ட லண்டன் பையன் எல்லாரும் அன்றைக்கு முதல்முறையாக இடுப்பில் துணி சுற்றக் கற்றுக்கொள்கிறார்கள். பெல்ட் கட்டிக்கொள்ளலாம் என்பதால் பிழைத்தார்கள். என்னுடன் வந்த ஒருவர் கையில் பிடித்தபடியே நடந்தார். நமக்கும் மலாய்க்காரர்களுக்கும் அந்தக் கவலை இல்லை, கட்டிவிட்டு மறந்துவிட்டோம்.

அல்லிராணி

எல்லாரும் ராஜா, போர், கப்பல் என்று போய்விட்டீர்கள். அடிப்படைக் கேள்வியை விட்டுவிட்டோம். ஒரு பெண் கால்சட்டை போட்டால் இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்கு எவ்வளவு காலம் ஆனது தெரியுமா? 1800இல் பாரிஸில் பெண்கள் கால்சட்டை போட போலீஸ் அனுமதி வேண்டும் என்று ஆணை வந்தது. 1892இலும் 1909இலும் தளர்த்தினார்கள்: கையில் சைக்கிள் கைப்பிடியோ குதிரைக் கடிவாளமோ இருந்தால் போட்டுக்கொள்ளலாமாம். பழையபேப்பர் சொன்ன குதிரை இங்கேயும் வந்துவிட்டது பாருங்கள். அந்த ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அரசு சொன்னது 2013இல்.

எதிர்ப்பக்கம் என்ன நடந்தது? 2017 ஜூன், ஐரோப்பாவில் கொளுத்தும் வெயில். பிரான்ஸின் நான்ட் நகரில் பஸ் ஓட்டுநர்களுக்கு அரைக்கால்சட்டை கூடாது. பெண் ஓட்டுநர்களுக்குச் சீருடையில் பாவாடை உண்டு. சரி என்று ஆண்களும் பாவாடை கட்டி வண்டி ஓட்டினார்கள். அதே வாரம் இங்கிலாந்தின் எக்ஸிடரில் பள்ளிப் பையன்கள் பாவாடை போட்டுப் பள்ளிக்குப் போனார்கள். உலகமே சிரித்தது. அதே உடையை ஃபிஜி போலீஸ்காரர் கட்டினால் சிரிப்பு வருவதில்லையே? துணி மாறவில்லை. யார் கட்டுகிறார், எந்த அதிகாரத்தோடு கட்டுகிறார் என்பதுதான் மாறியது.

பழையபேப்பர்

அல்லிராணி சரியான இடத்தில் கை வைத்தார். கோடைமேகத்தின் முதல் கேள்விக்கும் அதுதான் என் பதில். ஃபிஜியில் அமைச்சரும் போலீஸும், மியன்மாரில் அலுவலகத்தில் வேலை செய்கிறவரும், இந்தோனேசியாவில் 2019 முதல் 2024 வரை துணை அதிபராக இருந்த மாரூஃப் அமீனும் கட்டினார்கள். சாரோங்கோடுதான் அவர் அரசாங்கக் கூட்டத்துக்கு வருவார். மேலே இருக்கிறவன் வேலை நாளில் கட்டினால் அது உடையாக இருக்கும். விழா நாளில் மட்டும் கட்டினால் வேஷமாகிவிடும்.

1931இல் காந்தி பக்கிங்ஹாம் அரண்மனைக்கு முழங்கால் தெரிய அரைவேட்டியில் போனது இதனால்தான் அவ்வளவு பெரிய விஷயமானது. அதை அவர் கட்டத் தொடங்கியது 1921 செப்டம்பரில், மதுரையில். நம் பக்கம் 2014இல் நடந்ததும் இதே சண்டைதான். வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னை கிளப் ஒன்று வாசலிலேயே நிறுத்தியது. வெள்ளைக்காரன் போய் 67 வருடம் ஆகியும் அவன் போட்ட விதி நின்றது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் சட்டமன்றம் சட்டம் போட்டது: வேட்டிக்காகத் தடுத்தால் உரிமம் ரத்து, ஒரு வருடம் வரை சிறை.

சுண்டெலி

சட்டம் வந்தது சரி. அதற்குப் பிறகு அந்த கிளப்புகளுக்கு எத்தனை பேர் வேட்டியோடு போனார்கள்? விற்பனையில் ஓடுவது வெல்க்ரோ ஒட்டிய வேட்டி, பாக்கெட் வைத்த வேட்டி. நான் அதைக் குறை சொல்லவில்லை. ஃபிஜிக்காரன் செய்ததைத்தான் நாமும் செய்கிறோம், கொஞ்சம் தாமதமாக.

கரைவேட்டி

வெல்க்ரோவைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். கும்பலில் அந்தச் "சர்ர்" சத்தம் கேட்டால் நூறு பேர் தங்கள் இடுப்பைப் பிடிக்கிறார்கள்.

நீலவானம்

ஹகாமா பற்றி ஒருவரும் பேசவில்லை. கெண்டோ, ஐகிடோ போன்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை ஆட்கள் போடுவது. பார்த்தால் மடிப்பு வைத்த நீளப் பாவாடை. ஆனால் பெரும்பாலானவை உள்ளே இரண்டு காலாகப் பிரிந்திருக்கும், ஜப்பானியர்களே அதைக் குதிரையேற்ற வகை என்பார்கள். பிரியாமல் குழாயாக இருக்கும் வகையும் உண்டு. முன்னால் 5 மடிப்பு, பின்னால் 2. துவைத்தபின் அந்த ஏழையும் கலையாமல் மடித்து வைப்பதற்குள் பயிற்சியே மேல் என்று தோன்றும்.

புதுவரவு

வணக்கம், இன்றுதான் சேர்ந்தேன். அடுத்த மாதம் நண்பனின் கல்யாணம் எடின்பரோவில். மாப்பிள்ளைத் தோழர்கள் எல்லாரும் கில்ட் என்று சொல்லிவிட்டான். வாடகைக்கு எடுக்கிறேன். சொதப்பாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்?

மலைமுகடு

மடிப்பு எப்போதும் பின்னால், தட்டையான பாகம் முன்னால். முதல்முறை கட்டுகிறவர்கள் திருப்பிக் கட்டி விடுவதுண்டு. கடைசிச் சுற்றின் விளிம்பு உங்கள் வலது பக்கம் வர வேண்டும், அதை இறுக்கும் பட்டைகளும் அங்கேதான். கில்ட் ஊசியை மேல் அடுக்கில் மட்டும் குத்துங்கள். இரண்டையும் சேர்த்துக் குத்தினால் உட்காரும்போது துணி கிழியும், வாடகைக் கடையில் திட்டு விழும். கீழ்விளிம்பு முழங்கால் சில்லின் நடுவில் நிற்க வேண்டும். உட்காரும் முன் பின்கையால் மடிப்பைக் கீழ்நோக்கித் தடவிவிட்டு உட்காருங்கள், புடவை கட்டியவர்கள் செய்வது போலத்தான். ஊருக்குப் பெட்டியில் எடுத்துப் போவதானால் மடிக்காதீர்கள். நீளவாக்கில் சுருட்டி ஒரு பழைய நைலான் காலுறைக்குள் விடுங்கள், மடிப்பு கலையாது.

முக்கியமானது அளவு. கில்ட் தொப்புள் மட்டத்தில் நிற்கும், ஜீன்ஸ் மாதிரி இடுப்பெலும்பில் நிற்காது. ஜீன்ஸ் அளவைச் சொல்லி வாங்கினால் ஆட்டம் தொடங்கியதும் கீழே வழுக்கும். டேப்பை வைத்துத் தொப்புளைச் சுற்றி அளந்து, சாப்பிட்ட பிறகு இன்னொரு தடவை அளந்து, பெரிய எண்ணைச் சொல்லுங்கள்.